ரெட் பாரன் விமானத்தில் சிவப்பு எவ்வளவு? மாடல் பெட்டிக்குள் இருக்கும் 25 வயது விமானியின் கதை

முதல் உலகப் போர் விமானம் ஒன்றை பிளாஸ்டிக் மாடலாகச் செய்து பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்களில் பலர் முதலில் எடுப்பது ஒரே பெட்டியைத்தான். மூன்று அடுக்கு இறக்கை, சிவப்பு உடம்பு, பக்கவாட்டில் கறுப்புச் சிலுவை. ஜெர்மனியின் ஃபோக்கர் டிஆர்.1. ரெவெல், ஏர்ஃபிக்ஸ், எட்வார்ட் என்று பெயர் தெரிந்த மாடல் கம்பெனிகள் எல்லாமே இதை விற்றிருக்கின்றன.

அசல் விமானத்தின் மேல் இறக்கை நீளமே 7.19 மீட்டர்தான். 1:72 அளவில் செய்தால் வெறும் 10 சென்டிமீட்டர். உள்ளங்கையில் அடங்கிவிடும்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இதில் இன்னொரு வசதியும் இருக்கு. அந்தக் காலத்து விமானங்களில் மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் கம்பிகளால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். மாடலில் அந்தக் கம்பிகளை மெல்லிய நூல் வைத்து ஒவ்வொன்றாகக் கட்டணும். பலரும் பாதியில் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஃபோக்கர் டிஆர்.1-ல் இறக்கைகள் தடிமனானவை, உள்ளே இருக்கும் மரச்சட்டமே பாரத்தைத் தாங்கிவிடும். அதனால் இறக்கைகளுக்கு இடையே கம்பி வலை கிடையாது. நடுவிலும் சக்கரத்துக்கு மேலேயும் சில கம்பிகள், அவ்வளவுதான். மூன்று இறக்கையும் ஒரே கோட்டில் நிற்கும்படி பசை காயும்வரை பொறுமையா பிடித்துக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

சிக்கல் ஆரம்பிப்பது பெயின்ட் டப்பாவைத் திறக்கும்போதுதான். இந்த விமானத்தில் சிவப்பு எவ்வளவு? எல்லா இடத்திலும் சிவப்பா? எந்த சிவப்பு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், அதை ஓட்டிய மனுஷனின் கடைசி எட்டு மாத வாழ்க்கைக்குள் போக வேண்டியிருக்கும்.

யார் இந்த ரெட் பாரன்?

முழுப்பெயர் மான்ஃப்ரெட் ஃபான் ரிக்ட்ஹோஃபென். 1892 மே 2-ம் தேதி அன்றைய ஜெர்மனியின் ப்ரெஸ்லாவ் நகரில் பிறந்தார். இப்போது அது போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப். பிரபுக் குடும்பம், அப்பா குதிரைப்படை அதிகாரி. குடும்பப் பட்டம் எல்லா மகன்களுக்கும் சேரும் என்பதால் இவரும் பிறக்கும்போதே பாரன்தான். 'ரெட் பாரன்' என்பது பிற்பாடு எதிர்த் தரப்பு ஆங்கிலத்தில் ஒட்டிய பெயர்.

11 வயதில் ராணுவப் பள்ளி. படிப்பைவிட ஜிம்னாஸ்டிக்ஸிலும் வேட்டையிலும்தான் ஆர்வம். அப்புறம் குதிரைப்படை. 1914-ல் போர் வெடித்தபோது எல்லைப் பகுதியில் குதிரையில் போய் வேவு பார்த்தார். ஆனா சில மாதங்களிலேயே மேற்கு முனையில் பதுங்குகுழியும் முள்வேலியும் வந்துவிட, குதிரைக்கு வேலை இல்லாமல் போனது. கடைசியில் பொருள் வழங்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அது பிடிக்காமல்தான் 1915-ல் விமானப்படைப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கினார்.

பிறவி விமானி என்றெல்லாம் சொல்ல முடியாது. முதலில் பின் இருக்கையில் உட்கார்ந்து கீழே பார்த்துக் குறிப்பெடுக்கும் வேலை. பைலட் பயிற்சிக்குப் போய் முதல் தடவை தனியாக ஓட்டியபோது தரையிறங்கும்போது விமானத்தை உடைத்தார்.

திருப்பம் ஓஸ்வால்ட் போல்க்கே. அன்றைய ஜெர்மனியின் மிகப் பிரபலமான போர் விமானி. வானச் சண்டைக்கு என்று விதிகளையே எழுதி வைத்தவர். 1916 ஆகஸ்ட்டில் தன் புதுப் படைப்பிரிவுக்கு ஆள் தேடியபோது ரிக்ட்ஹோஃபெனையும் சேர்த்துக்கொண்டார். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், கிட்டப் போய் சுடு, தொடங்கிய தாக்குதலை முடி. வித்தை காட்டுவதில் ரிக்ட்ஹோஃபென் கெட்டிக்காரர் இல்லை. சொன்னதை அப்படியே செய்வதில் கெட்டிக்காரர். அவர் பெரிய ஆளானது அதனால்தான்.

60 வெள்ளிக் கோப்பைகள்

1916 செப்டம்பர் 17. பிரான்சின் காம்ப்ரே பகுதிக்கு மேலே முதல் வெற்றி. வீழ்ந்தது பிரிட்டனின் இரட்டை இருக்கை விமானம். ஓட்டியவர் லயனல் மோரிஸ், வயது 19. கூட இருந்தவர் டாம் ரீஸ், வயது 21. இரண்டு பேருமே பிழைக்கவில்லை. அவர்கள் கல்லறையில் ரிக்ட்ஹோஃபென் ஒரு கல் வைத்ததாகத் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

அதோடு இன்னொன்றும் செய்தார். பெர்லினில் ஒரு நகைக்கடைக்காரரிடம் சின்னதாக ஒரு வெள்ளிக் கோப்பை செய்யச் சொன்னார். அதில் எத்தனையாவது வெற்றி, எந்த விமானம், என்ன தேதி என்று பொறிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு கோப்பை. பத்தாவது வரும்போது மட்டும் கொஞ்சம் பெரியது.

வேட்டைக்காரர் மான் கொம்பைச் சுவரில் மாட்டுவதைப் போலத்தான் இது. வீழ்த்திய விமானங்களின் எண் எழுதிய துணியை வெட்டி எடுத்துவந்து அறைச் சுவரில் ஒட்டினார். ஒரு விமான எஞ்சினைச் சரவிளக்காக மாற்றித் தொங்கவிட்டார். 1916 நவம்பர் 23-ல் பிரிட்டனின் புகழ்பெற்ற விமானி லேனோ ஹாக்கரை நீண்ட சண்டைக்குப் பிறகு வீழ்த்தியபோது, அவருடைய இயந்திரத் துப்பாக்கி ஷ்வைட்னிட்ஸில் இருந்த ரிக்ட்ஹோஃபென் வீட்டுக் கதவுக்கு மேலே போய்ச் சேர்ந்தது.

மொத்தம் 80 வெற்றிகள் என்பது எல்லா மாடல் பெட்டியின் குறிப்பேட்டிலும் இருக்கும். அந்த எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை. அந்த 80-ல் பாதிக்கு மேல் வேவு பார்க்கவும் படம் எடுக்கவும் வந்த இரட்டை இருக்கை விமானங்கள். அவற்றில் பல மெதுவானவை, உள்ளே இருந்தவர்கள் இருபதைத் தொட்ட பையன்கள். பாராசூட்டும் அவர்களிடம் கிடையாது.

சிவப்பு எப்போது வந்தது?

1917 ஜனவரி. ஜெர்மனியின் உயரிய வீர விருது கழுத்தில் ஏறியது. கூடவே 'யாஸ்டா 11' என்ற படைப்பிரிவின் தலைமைப் பொறுப்பும் வந்தது. அதுவரை ஒரு வெற்றிகூடப் பெறாத பிரிவு அது. அந்த நேரத்தில்தான் தன் விமானத்துக்கு சிவப்பு அடித்தார்.

ஏன் சிவப்பு? பெரிய காரணம் எதுவும் அவர் சொல்லவில்லை. ஏதோ ஒரு நாள் தோன்றியது, செய்தேன் என்கிற ரீதியில்தான் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். எதிரிக்குப் பளிச்சென்று தெரிந்ததால் கூட இருந்தவர்களும் தங்கள் விமானங்களில் சிவப்பு பூசத் தொடங்கினார்கள். தலைவரை மட்டும் குறிவைத்துத் தாக்கிவிடக் கூடாது என்ற எண்ணமும் அதில் இருந்தது. ஆனா ஒவ்வொருவரும் ஒரு பகுதியில் தன் சொந்த நிறத்தை வைத்துக்கொண்டார்கள். தம்பி லோத்தாருக்கு மஞ்சள்.

இங்கேதான் பலர் கவனிக்காத விஷயம் இருக்கு. அந்த சிவப்பு விமானம் மூன்று இறக்கை விமானம் இல்லை! அது அல்பாட்ரோஸ், இரண்டு இறக்கை, ஒட்டுப்பலகை உடம்பு. 1917 ஏப்ரலில், பிரிட்டிஷ்காரர்கள் 'ரத்த ஏப்ரல்' என்று பெயர் வைத்த அந்த மாதத்தில், 20-க்கும் மேற்பட்ட விமானங்களை ரிக்ட்ஹோஃபென் வீழ்த்தியது அல்பாட்ரோஸில்தான். மாத முடிவில் அவர் கணக்கு 52.

80 வெற்றிகளில் மூன்று இறக்கை விமானத்தில் கிடைத்தவை கிட்டத்தட்ட 20 மட்டும். கணக்குப்படி பார்த்தால் ரெட் பாரன் மாடல் என்று அலமாரியில் நிற்க வேண்டியது அல்பாட்ரோஸ். ஆனா அதற்கு நூல் கட்டணும்... யார் கட்டுறது?

தலையில் பட்ட குண்டு

1917 ஜூன் 24-ல் நான்கு படைப்பிரிவுகளைச் சேர்த்து ஒரே அணியாக்கி அவரிடம் கொடுத்தார்கள். எங்கே தேவையோ அங்கே கூடாரத்தோடு ரயிலில் போய் இறங்கும் அணி. வண்ண வண்ண விமானங்கள் வேறு. 'பறக்கும் சர்க்கஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இரண்டே வாரம். ஜூலை 6-ம் தேதி ஒரு பிரிட்டிஷ் இரட்டை இருக்கை விமானத்தோடு மோதியபோது குண்டு ஒன்று தலையை உரசிச் சென்றது. நடுவானில் கண் தெரியவில்லை, கை கால் அசையவில்லை. விமானம் விழுந்துகொண்டிருந்தது. பார்வை மெல்லத் திரும்ப, எப்படியோ ஒரு வயலில் இறக்கினார்.

மண்டை எலும்புத் துணுக்குகளை எடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் நடந்தன. காயம் முழுசா ஆறும் முன்பே, டாக்டர்கள் பேச்சை மீறிப் படைக்குத் திரும்பிவிட்டார். பறந்துவிட்டு வந்தால் தலைவலி, குமட்டல். அந்தக் கோடையில் எடுத்த சில படங்களில் தலையில் வெள்ளைக் கட்டோடு நிற்கிறார்.

அதற்குப் பிறகு அவர் பழைய ஆள் இல்லை. 1917-ல் வெளியான அவருடைய சுயசரிதையில் ஒரு துள்ளல் இருக்கும். அந்தத் துடுக்கு இப்போது என்னிடம் இல்லை என்ற பொருளில் பின்னர் அவரே எழுதினார். விடுமுறையில் வந்த மகன் பேசாமல், ஒதுங்கி இருந்ததை அம்மாவும் குறிப்பெழுதி வைத்திருக்கிறார். பறக்க வேண்டாம், தரையில் ஒரு பதவி தருகிறோம் என்று மேலிடம் சொல்லிப் பார்த்தது. மறுத்துவிட்டார்.

மூன்று இறக்கை விமானம் அவர் கைக்கு வருவது இந்தக் காயத்துக்குப் பிறகுதான்.

மூன்று இறக்கை எதற்கு?

பிரிட்டன் அதற்கு முன்பே 'சோப்வித் டிரிப்ளேன்' என்ற மூன்று இறக்கை விமானத்தை இறக்கி ஜெர்மானியர்களை மிரட்டியிருந்தது. அதற்குப் பதிலாக ஆந்தனி ஃபோக்கரின் கம்பெனி செய்ததுதான் இது. 1917 செப்டம்பர் 1-ம் தேதி, முன்மாதிரி விமானங்களில் ஒன்றை ஓட்டிப்போய் ரிக்ட்ஹோஃபென் 60-வது வெற்றியைப் பெற்றார். எதிரே இருந்தவர்கள் அதைத் தங்கள் நாட்டு டிரிப்ளேன் என்று நினைத்திருக்க வேண்டும், தப்பிக்க முயலவே இல்லை.

60-வது கோப்பை வந்தது. அதுதான் கடைசிக் கோப்பையும்கூட. போரால் ஜெர்மனியில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு. வேறு உலோகத்தில் செய்ய அவர் விரும்பவில்லை. ஆக, மூன்று இறக்கை விமானத்தில் பெற்ற வெற்றிகளுக்கு என்று அவரிடம் இருந்தது ஒரே ஒரு கோப்பை.

ஃபோக்கர் டிஆர்.1 ஒன்றும் சூப்பர் விமானம் இல்லை. சட்டென்று மேலே ஏறும், நின்ற இடத்தில் திரும்பும். வேகத்தில் பிரிட்டனின் கேமலைவிடப் பின்தங்கியது. இதைவிட மோசம், 1917 அக்டோபர் கடைசியில் மேல் இறக்கை நடுவானில் சிதைந்து விமானங்கள் விழுந்தன. 39 வெற்றி பெற்றிருந்த ஹைன்ரிக் கோன்டர்மான் அப்படித்தான் இறந்தார். ஈரம் உள்ளே புகுந்ததும் ஒட்டு வேலை சரியில்லாததும் காரணம் என்று தெரிந்தது. எல்லா விமானத்தையும் தரையில் நிறுத்தி, இறக்கையை மாற்றித்தான் திரும்ப அனுப்பினார்கள். மொத்தமே 320 விமானம்தான் செய்யப்பட்டன.

சரி, எந்தப் பெயின்ட்?

ஃபோக்கர் தொழிற்சாலையில் இருந்து வந்த டிஆர்.1 சிவப்பு கிடையாது. துணியின் மேல் ஆலிவ் பச்சையை தூரிகையால் கோடு கோடாக இழுத்து விட்டிருப்பார்கள். பெயின்ட் மெல்லியது, அதனால் அடியில் இருக்கும் துணி நிறம் கோடுகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கும். அடிப்பக்கம் வெளிர் நீலம். மாடல் செய்பவர்களுக்கு இந்தக் கோட்டு வேலைதான் உண்மையான பரீட்சை. முதலில் வெளிர் மண் நிறம் அடித்துக் காயவிட்டு, கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையில் பச்சையைத் தொட்டு ஒரே வீச்சில் இழுக்கணும். இரண்டாவது தடவை அதே இடத்தில் போனால் கோடு போய் திட்டாகிவிடும்.

ரிக்ட்ஹோஃபென் ஓட்டிய டிஆர்.1 விமானங்களில் ஒன்று 152/17. அதில் எஞ்சின் மூடி, மேல் இறக்கையின் மேற்பரப்பு, வால், சக்கர மூடி ஆகியவை சிவப்பு. மற்ற இடங்களில் ஃபோக்கரின் பச்சைக் கோடுகள் அப்படியே இருந்தன. உடம்பும் இறக்கையும் சிவப்பாக நாம் கற்பனை செய்கிற விமானம் 425/17. அதிலும் வாலில் இருக்கும் திசைமாற்றித் தகடு வெள்ளை. அந்த விமானத்தை அவர் ஓட்டியது சில வாரங்கள்தான்.

சிலுவையிலும் கவனம் தேவை. 1918 வசந்தத்தில் வளைந்த விளிம்புள்ள பழைய சிலுவையை மாற்றி நேர்கோட்டுச் சிலுவை போட உத்தரவு வந்தது. 425/17 கடைசியாகப் பறந்தபோது அதில் இருந்தது நேர்கோட்டுச் சிலுவை. பழைய சிலுவை டெக்காலை ஒட்டினால், தேதி தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எந்த சிவப்பு என்பதற்குப் போட்டோ உதவாது. அன்றைய பிலிமுக்கு சிவப்பு சரியாகத் தெரியாது, கிட்டத்தட்டக் கறுப்பாகப் பதிவாகும். நீலம் வெள்ளைபோல வரும். மிஞ்சியது துணித் துண்டுகள் மட்டுமே. அவை எப்படிக் கிடைத்தன என்பது அவருடைய கடைசி நாளின் கதை.

1918 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை

முந்தின நாள்தான் 79, 80 என்று இரண்டு வெற்றிகள். ஞாயிறு காலை பிரான்சின் காப்பி விமானத்தளத்திலிருந்து 425/17 கிளம்பியது. சோம் நதிக்கு மேலே பிரிட்டிஷ் கேமல் விமானங்களோடு சண்டை. அதில் வில்ஃப்ரிட் மே என்ற கனடாக்காரர் புதுமுகம். சண்டையில் சேராதே என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சேர்ந்தார், துப்பாக்கி சிக்கிக்கொண்டது, வீட்டைப் பார்த்து ஓடினார். அவரைத் துரத்தினார் ரிக்ட்ஹோஃபென்.

தாழப் பறந்து எதிரி எல்லைக்குள் போகாதே, ஒருவனையே பிடிவாதமாகத் துரத்தாதே. இதெல்லாம் அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அன்று அத்தனையையும் மீறினார். தலைக்காயம் அவருடைய நிதானத்தைக் கெடுத்திருக்கலாம் என்று சொல்லும் மருத்துவ ஆய்வாளர்களும் உண்டு.

மேயைக் காப்பாற்ற ராய் பிரவுன் என்ற இன்னொரு கனடாக்காரர் மேலிருந்து பாய்ந்து சுட்டார். கீழே மேட்டில் இருந்த ஆஸ்திரேலியப் படையினரும் சுட்டார்கள். ஒரே ஒரு குண்டு வலது பக்கம் நுழைந்து மார்பைத் துளைத்தது. விமானத்தை வோ-சுர்-சோம் கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு வயலில் தரையிறக்கிவிட்டு இறந்துபோனார். 26-வது பிறந்தநாளுக்கு இன்னும் 11 நாள் இருந்தது.

அதிகாரப்பூர்வமாகப் பெயர் வாங்கியது பிரவுன். ஆனா குண்டு போன திசையைப் பார்க்கும் பெரும்பாலான ஆய்வாளர்கள், தரையிலிருந்து சுட்டதுதான் என்கிறார்கள். அதில் அதிகம் அடிபடும் பெயர் ஆஸ்திரேலிய சார்ஜென்ட் செட்ரிக் பாப்கின்.

இறங்கியபோது விமானம் பெரிதாக உடையவில்லை. சில மணி நேரத்தில் அது எலும்புக்கூடு. யார் வந்தாலும் ஒரு துண்டு சிவப்புத் துணியை வெட்டிக்கொண்டு போனார்கள். எதிரி விமானத்துத் துணியை வெட்டிச் சுவரில் ஒட்டியவரின் விமானத்துக்கே அந்த கதி. எஞ்சின் லண்டன் போர் அருங்காட்சியகத்துக்கும், இருக்கை கனடாவின் டொரன்டோவுக்கும் போனது. துணித் துண்டுகள் ஆஸ்திரேலியாவரை போய்ச் சேர்ந்தன. இன்று சிவப்பு எது என்று மாடல்காரர்கள் ஆதாரம் காட்டுவது இப்படி வெட்டி எடுத்த துண்டுகளைத்தான். அவையும் நூறு வருஷத்தில் மங்கியிருக்கின்றன.

மறுநாள் பெர்தாங்க்ல் கிராமத்தில் ஆஸ்திரேலிய விமானிகளே சவப்பெட்டியைச் சுமந்து, முழு ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். உடல் அங்கேயும் நிலைக்கவில்லை. ஃப்ரிகூருக்கு மாறி, 1925-ல் பெர்லினுக்குப் போனது. பெர்லின் சுவர் எழுந்தபோது கல்லறை எல்லைக்கோட்டு ஓரத்தில் மாட்டிக்கொண்டது. 1975-ல் குடும்பத்தார் வீஸ்பாடனுக்குக் கொண்டுபோனார்கள்.

போருக்குப் பிறகு பெர்லினில் காட்சிக்கு வைத்திருந்த 152/17 இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. செய்த 320 டிஆர்.1-ல் இன்று முழுசாக ஒன்றுகூட இல்லை. விமானக் கண்காட்சிகளில் பறப்பதெல்லாம் பின்னாளில் கட்டிய நகல்கள்.

துரத்தப்பட்ட அந்தப் புதுமுகம் என்ன ஆனார்?

வில்ஃப்ரிட் மே பிழைத்தார். கனடாவுக்குத் திரும்பி வடக்கத்திப் பனிக்காடுகளில் சின்ன விமானம் ஓட்டினார். 1929 ஜனவரியில் ஃபோர்ட் வெர்மிலியன் பகுதியில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, மூடி இல்லாத விமானத்தில் நண்பர் ஒருவரோடு உறைபனியில் மருந்து கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். 1952-ல் இறந்தார்.

அவர் ஓட்டிய சோப்வித் கேமலும் பிளாஸ்டிக் பெட்டியில் கிடைக்கிறது. பக்கத்தில் நிறுத்தி வைத்தால் ஜோடி சரியாக இருக்கும். ஆனா அதற்கு நூல் கட்டியாகணும். அதன் நிறம் பச்சை கலந்த பழுப்பா, பழுப்பு கலந்த பச்சையா என்ற சண்டை சிவப்பைவிடப் பெரியது.